நடைவேலி

கடிக்காய்ச்சல்தான் ஊரை அழித்தது என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். தூத்துக்குடிப் பக்கம் ஊரை அழித்தது வாய்க்கரிசி. காய்ச்சல் கண்ட ஆளுக்கு ரெண்டு மூன்று நாளில் நாடி அடங்கிப்போகும், உடம்பு சில்லிட்டுவிடும், டாக்டரும் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிவிடுவார். செத்துவிட்டான் என்றுதானே நினைப்போம்? மற்ற தேசத்துக்காரன் பெட்டியில் போட்டு மூடிவிட்டான். நம்ம சனம் விடுமா? குளிப்பாட்டி, கோடி போர்த்தி, நடுவீட்டில் கிடத்தி, மாமன் மச்சான் எல்லாரும் வந்து சேரும்வரை காத்திருந்து, வரிசையில் நின்று, ஒவ்வொருத்தராய்க் குனிந்து அந்த வாய்க்குள் விரலை விட்டு அரிசி போட்டது. அது கண் விழிக்கிற நேரமும் சரியாக அந்த நேரமாகவே இருந்தது. வேறென்ன சொல்ல, போங்கள்.

எழுந்து நடந்ததை முதலில் நடைப்பிணம் என்றார்கள். அப்புறம் ஓடுகிற அவசரத்தில் அவ்வளவு நீளமாகச் சொல்ல நேரமில்லாமல் வெறும் ‘நடை’ என்று ஆகிப்போனது. நடைக்குப் பேச்சு கிடையாது, ஆள் அடையாளம் கிடையாது. பச்சை மாமிசம் தின்னும், எதிரே வருவதைக் கடிக்கும். அவ்வளவுதான்.

மிஞ்சியது பொன்னுலிங்கம் அண்ணாச்சியின் உப்பளம் ஒன்றுதான். மூன்று பக்கம் கழிமுகம், ஒரு பக்கம் கடல், நடுவில் பாத்தி பாத்தியாக வெள்ளை வெளேரென்று உப்பு. கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்குகிற மிஷின் அவரிடம் இருந்தது. கிட்டங்கி நிறைய அரிசி மூட்டையும் இருந்தது. தண்ணீரும் அரிசியும் யார் கையில் இருக்கிறதோ அவர்தானே அரசாங்கம்? உயிர் தப்பி வந்த சனமெல்லாம் அவர் காலில் விழுந்தது. அண்ணாச்சியும் எல்லாரையும் சேர்த்துக்கொண்டார். சேர்த்துக்கொண்டு என்ன செய்தார் தெரியுமா? உப்பளத்தைச் சுற்றி வரப்பு நெடுக இரும்புக் கம்பம் நட்டார். கம்பத்துக்கு ஒரு நடையைப் பிடித்து, ஒன்றை ஒன்று எட்ட முடியாத தூரத்தில் சங்கிலியால் கட்டினார். எந்தக் கொள்ளைக்கூட்டம் அந்த வேலியைத் தாண்டி வரும்? உள்ளே இருந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். கட்டப்பட்டிருந்ததில் பாதிக்குமேல் அவரவர் வீட்டு ஆட்கள் என்பதை மட்டும் யாரும் பேசிக்கொள்வதில்லை.

பிச்சைக்கனியின் பெண்டாட்டி சந்தனமாரியும் அந்த வேலியில் இருந்தாள்.

பிச்சைக்கனி அந்தக் காலத்திலேயே அண்ணாச்சியிடம் கங்காணி. முதலாளியின் வசவைக் கூலியாட்களுக்கும், கூலியாட்களின் கண்ணீரை முதலாளிக்கும் கொண்டுபோய்க் கொடுத்துப் பழகின ஆள். இப்போது அவன்தான் அண்ணாச்சியின் வலது கை. சந்தனமாரிக்குக் காய்ச்சல் வந்தபோது, அவளைத் தீயில் போடவேண்டாம், கம்பத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று அண்ணாச்சி சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக நாயாக உழைத்தான். நாய் என்றால் சும்மா வாலாட்டுகிற நாய் இல்லை, கடிக்கிற நாய்.

அமாவாசைக்கு அமாவாசை வேலிக்கு ஊசி போடவேண்டும். ‘அழுகல் ஊசி’ என்று பெயர். உடம்பு அழுகாமல் இருக்க டாக்டர் ரோஸ்லின் கண்டுபிடித்த மருந்து என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தது. மற்றவர்களுக்குக் கிட்டப் போகவே உதறலெடுக்கும். பிச்சைக்கனிதான் போடுவான். ரெண்டு காவலாட்கள் கவைக்கம்பால் கழுத்தை அழுத்திப் பிடிப்பார்கள், இவன் தோள்பட்டையில் ஊசியை இறக்குவான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கை.

சந்தனமாரியின் கம்பத்துக்கு வந்ததும் காவலாட்களைத் தூரப் போகச் சொல்லிவிடுவான். ஊசி போட்டபிறகு ரெண்டு எட்டுத் தள்ளி உப்பு வரப்பில் உட்கார்ந்து பேசுவான். ஊரில் ஒருத்தரிடம் பேச முடியாததையெல்லாம் அவளிடம் பேசுவான். இன்னாரை அடித்தேன், இன்னார் வீட்டுத் தண்ணீரை நிறுத்தினேன் என்று ஒன்று விடாமல் சொல்வான். அவள் தம்பி செந்தூரான் அக்காளின் சங்கிலியை அறுக்க வந்தானே, அவனைப் பிடித்து அண்ணாச்சியிடம் ஒப்படைத்ததையும் சொன்னான். அண்ணாச்சி அவனை எல்லார் முன்னாலும் தீயில் போடச் சொன்னதையும் சொன்னான். “எனக்கு வேற வழி இல்ல மாரி. அவன விட்டிருந்தா உன்னய எரிச்சிருப்பாவ.” சொல்லி முடித்துவிட்டால் நெஞ்சு லேசாகும். செத்தவளிடம் சொல்வதில் அது ஒரு வசதி.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் முத்துப்பேச்சியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

மீன் காயவைக்கிற வேலை பார்க்கிற பெண்பிள்ளை. குற்றம் என்னவென்றால், வேலியில் கட்டியிருந்த புருஷன் வேலாண்டிக்கு வாய்க்கரிசி போட்டுவிட்டாள். அண்ணாச்சியின் சட்டத்தில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. களவுக்குக்கூட நாலு அடியோடு விட்டுவிடுவார். வாய்க்கரிசிக்குத் தண்டனை கம்பம். அதாவது நடையிடம் பிடித்துத் தள்ளிக் கடிபட வைத்து, வேலியிலேயே கட்டிவிடுவது. ஊரே அதில்தானே அழிந்தது, அதனால்தான் அண்ணாச்சி இவ்வளவு கண்டிப்பு என்று எல்லாரும் நியாயம் பேசினார்கள்.

“என்னம்மா காரியம் பண்ணி வச்சிருக்க? சட்டம் தெரியாதா உனக்கு?” என்றான் பிச்சைக்கனி. கிட்டங்கியில் அவளை உட்காரவைத்து மற்றவர்களை வெளியே அனுப்பியிருந்தான்.

“தெரியும்ண்ணே. மனசு கேக்கல. அவுகளுக்கு நாங்க ஒண்ணுமே செய்யலியே. குளிப்பாட்டல, கோடி போடல. உசிரு போன கையோட கம்பத்துல கட்டிட்டீக. ஒரு வாய் அரிசியாவது போடணும்னு தோணிக்கிட்டே இருந்துச்சு.”

“கடிச்சிருந்தா?”

“கைய நீட்டுனாத்தான கடிக்கும்? நீளக் கம்புல அகப்பையக் கட்டி நீட்டுனேன்.” அவள் குரல் இறங்கியது. “அண்ணே, அவுக தின்னாவ.”

“என்னத்த?”

“அரிசியத்தான். மென்னு முழுங்கிட்டு, இன்னும் வேணும்னு வாயத் தொறந்தாவ.”

“போளா! நடை அரிசி திங்குமா? துப்பியிருக்கும்.”

“நாலு தடவ போட்டேண்ணே. நாலு தடவயும் முழுங்குனாவ. நாலாவது தடவ என்னயப் பாத்தாவ பாருங்க, கல்யாணத்தன்னைக்குப் பாத்த மாதிரி இருந்துச்சு.”

பிச்சைக்கனிக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. போன அமாவாசைக்கு மருந்து பாட்டில் வரப்பில் தட்டிக் கொஞ்சம் சிந்திவிட்டது. கடைசி மூன்று கம்பத்துக்கு ஊசி போடவில்லை. அண்ணாச்சியிடம் சொன்னால் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? காலி ஊசியைக் குத்திக் காவலாட்களை ஏமாற்றிவிட்டுப் பேசாமல் வந்துவிட்டான். அந்த மூன்றில் ஒன்றுதான் வேலாண்டி.

உச்சிவெயில் நேரத்தில் உப்பளத்தில் கண்ணைத் திறக்க முடியாது. காவலாட்களெல்லாம் கொட்டகைக்குள் ஒதுங்கியிருந்தார்கள். பிச்சைக்கனி ஒரு பிடி அரிசியை மடியில் கட்டிக்கொண்டு, அந்தப் பெண்ணின் அகப்பைக் கம்பையே எடுத்துக்கொண்டு, ஊசி விட்டுப்போன இன்னொரு கம்பத்துக்குப் போனான். அதில் இருந்தது முன்னாளில் தபால்காரராக இருந்த குருநாதர். நடையாகி வருஷம் பல ஆகிவிட்டது. அகப்பையை நீட்டினான். கிழவர் அரிசியை வாங்கினார். மெதுவாக மென்றார். தொண்டை ஏறி இறங்கியது. பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. உதடு அசைந்தது. “தண்ணி,” என்றார்.

பிச்சைக்கனி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கொடுக்கவேண்டும் என்றுகூட உறைக்கவில்லை. அவனுக்கு அந்த நேரத்தில் ஒரே ஒரு நினைப்புதான். மாரி சாகவில்லை!

டாக்டர் ரோஸ்லின் பழைய அலுவலக அறையில் தனியாக இருந்தாள். பிச்சைக்கனி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“குருநாதர் தண்ணி கேக்காரு டாக்டரம்மா.”

அவள் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். “உக்காருங்க பிச்சைக்கனி. நின்னுக்கிட்டே கேக்கிற விஷயம் இல்ல.”

“போன அமாவாசைக்கு மருந்து சிந்தி, அவரையும் சேத்து மூணு பேருக்கு ஊசி போடல. அவரு செத்தவரா, இல்லியா? அதச் சொல்லுங்க.”

“யாருமே சாகல. நாடி நம்ம கைக்குத் தெரியாத அளவுக்கு இறங்கிடும். அத நாங்க சாவுன்னு எழுதிட்டோம். அந்தக் கிருமி தானா ஒரு மாசம்கூடத் தாங்காது. உடம்பு அத அடிச்சு விரட்டிடும். வெளிய திரியறதுங்க ஒண்ண ஒண்ணு கடிச்சுக்கிட்டே இருக்கு, அதனால தெளியறதே இல்ல. ஒத்தையா கட்டிப் போட்டா தெளிஞ்சிடும்.”

“கம்பத்துல ஒத்தையாத்தான கட்டியிருக்கோம்?”

“அதுக்குத்தான் ஊசி.”

அவன் புரியாமல் பார்த்தான். புரியக்கூடாது என்றும் பார்த்தான்.

“புதுசாக் கடிபட்டவங்க எச்சில்ல இருந்து எடுக்கிறது அந்த மருந்து,” என்றாள் ரோஸ்லின். “கடிக்குப் பதிலா ஊசி. அழுகாம இருக்கன்னு சொன்னதை எல்லாரும் நம்பினீங்க. உயிரோட இருக்கிற உடம்பு எங்கயாவது அழுகுமா? ஒருத்தர்கூடக் கேக்கலையே.”

“அப்பம் இத்தன வருசமா... அவளுக்கு நான்...”

“நீங்கதான் போட்டீங்க.”

அவன் கை அவள் கழுத்துக்குப் போனது. போனது பாதியில் நின்றது. அவள் நகரக்கூட இல்லை.

“நெரிச்சிடுங்க, எனக்கும் நல்லதுதான். ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க. என் வீட்டுக்காரர் அண்ணாச்சி வீட்டு மாடியில இருக்கார். தெளிஞ்சு, சோறு சாப்பிட்டுக்கிட்டு. அதுதான் எனக்குச் சம்பளம்.”

பிச்சைக்கனி கையை இறக்கினான். அடுத்ததைக் கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டான். “உள்ள இருக்கயில அவுகளுக்கு ஏதாவது தெரியுமா?”

“எல்லாம் தெரியும். காது கேக்கும், ஆள் தெரியும். கை காலும் வாயும் மட்டும் அவங்க பேச்சைக் கேக்காது. பிரேக் இல்லாத லாரிக்குள்ள உக்காந்திருக்கிற மாதிரின்னு என் வீட்டுக்காரர் சொல்வார்.”

அவன் வெளியே வந்தபோது வெயில் அப்படியேதான் இருந்தது. வேலியை நோக்கித் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. செந்தூரான் கதையை மாரியிடம் எப்படிச் சொன்னோம், எந்த வார்த்தையில் சொன்னோம் என்று நினைத்து நினைத்துப் பார்த்தான். ஒரு வார்த்தைகூட நல்லதாக இல்லை.

சாயங்காலம் அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அதுதான் பயம். சாய்வு நாற்காலியில் பனங்கற்கண்டைச் சப்பிக்கொண்டிருந்தார்.

“வாடே பிச்சை. முகமெல்லாம் வாடியிருக்கு. சாப்பிட்டியா?”

“சாப்பிடல அண்ணாச்சி.”

“ரோஸ்லின் எல்லாம் சொல்லிட்டா. கெட்டிக்காரி, எதையும் மறைக்க மாட்டா.” கற்கண்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். “என்னய வெட்டிப்போடலாமான்னு தோணுதா?”

“ஏன் அண்ணாச்சி இப்படிச் செஞ்சீக?”

“வேலி எதுக்குடே? வெளிய இருந்து எவன் வாரான் இப்பம்? வெளிய ஆளே இல்ல. உள்ள இருக்கவனுக்குத்தான் வேலி. ஒவ்வொருத்தன் வீட்டு ஆளும் கம்பத்துல நிக்கி. நான் எரிக்காம வச்சிருக்கேன்னு ஒவ்வொருத்தனும் கும்பிடுதான். நீ கும்பிடலியா?”

பிச்சைக்கனி தலையைக் குனிந்துகொண்டான்.

“சரி, நாளைக்கே எல்லாத்தையும் அவுத்து விடுதேன்னு வையி. தெளிஞ்சு எந்திரிச்சு வந்து என்ன கேப்பான்? எவம்லே எங்களக் கட்டிப்போட்டதுன்னு கேப்பான். என்னய மட்டுமா கேப்பான்? கம்பத்துல நிக்கயில என் மூஞ்சிய அவன் பாத்ததே இல்ல. மாசாமாசம் ஊசி போட்ட கை யாரு கைடே?”

அண்ணாச்சி எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். நிஜமாகவே பிரியமாக வைத்தார், அந்த மனுஷனுக்கு அதுவும் வரும். “சந்தனமாரிக்கு ஊசிய நிறுத்திரு. அவ ஒருத்திக்கு மட்டும். தெளிஞ்சதும் கூட்டிக்கிட்டு வந்து பம்பு ஹவுஸ் வீட்டுல இருந்துக்க. ஊருல கேட்டா அம்மன் அருள்னு சொல்லிக்கிடுவோம். குருநாதருக்கும் மத்த ரெண்டு பேருக்கும் இன்னைக்கே ஊசி போட்டுரு. அந்த மீன்காரப் பிள்ளயக் கம்பத்துக்கு அனுப்பிரு. வேற யாரும் வேண்டாம், நீயே செஞ்சிரு.”

பிச்சைக்கனி அண்ணாச்சியின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். முடியாது என்று சொல்லியிருக்கலாம். கிட்டங்கி முற்றத்தில் நின்று, உங்க வீட்டு ஆளுக உசிரோட இருக்காவடே என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் அன்றைக்கே அண்ணாச்சியின் கதை முடிந்திருக்கும். பாவி மனுஷன் அதை நினைக்காமல் இல்லை. நினைத்தான். அதற்குள் பம்பு ஹவுஸ் வீட்டில் மாரி உலை வைப்பது போலக் கண்ணுக்குள் வந்துவிட்டது.

“சரி அண்ணாச்சி,” என்றான்.

முத்துப்பேச்சியை வரப்பில் நடத்திக்கொண்டு போனபோது அவள் அழவில்லை. ஓடவும் பார்க்கவில்லை. வேலாண்டியின் கம்பத்துப் பக்கமே தன்னைக் கட்டும்படி மட்டும் கேட்டாள். ஒத்துக்கொண்டான். கடிக்கிறதற்கென்றே கூண்டில் வைத்திருந்த நடையின் முன்னால் நிறுத்தியபோது திரும்பி அவனைப் பார்த்து, “அண்ணே, மதினிக்கும் ஒரு வாய் அரிசி போட்டுப் பாருங்கண்ணே. அவுகளும் தின்னாலும் தின்பாக,” என்றாள். தள்ளிவிடுகிறவனுக்கு நல்லது சொல்லிவிட்டுப் போகிறாளே, இவளையெல்லாம் என்ன சொல்வது! பிச்சைக்கனி தள்ளினான்.

அதற்கப்புறம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் கேட்க நன்றாயிருக்கும். இறங்கியது. பம்பு ஹவுஸ் வீட்டுக்கு வெள்ளையடித்தான். கிணற்றடியைச் சுத்தம் பண்ணினான். அவளுக்கு என்று ஒரு சேலைகூட எங்கேயோ தேடிப் பிடித்து மடித்து வைத்தான். அடுத்த அமாவாசைக்கு எல்லாருக்கும் ஊசி போட்டு, சந்தனமாரியை மட்டும் விட்டுவிட்டு வந்தான். அன்றைக்கு அவளிடம் ஒன்றும் பேசவில்லை. தள்ளி நின்று முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிட்டான்.

அவள் தெளிந்த செய்தி மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் வந்தது. மீன்குடலைப் போட்டால் தொடவில்லை என்று காவலாள் வந்து சொன்னான். உடம்புக்கு முடியலபோல, நான் பாத்துக்கிடுதேன் என்று அவனை அனுப்பிவிட்டு, ஒரு தூக்குவாளியில் கஞ்சியும் இடுப்பில் சங்கிலிச் சாவியுமாக ஓடினான். பழக்கம் விடாமல் ஊசிப் பையும் தோளில் தொங்கியது.

சந்தனமாரி கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள், உதடெல்லாம் உப்புப் பூத்திருந்தது. ஆனால் கண் அவள் கண். அவனைப் பார்த்ததும் தாவவில்லை. வாயைத் திறக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“மாரி... ஏளா மாரி!” அழுதுவிட்டான். “கஞ்சி கொண்டாந்திருக்கேன். குடி. சாவி இருக்கு, இந்தா அவுத்து விடுதேன்.”

அவள் தொண்டையைச் செருமினாள். குரல் வர வெகுநேரம் ஆனது. “எனக்கு மட்டுமா?”

“என்னது?”

“ஊசிய நிறுத்துனது. எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?”

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தான். இத்தனை வருஷம் உண்மையையே சொல்லிப் பழகின ஆளிடம் பொய் வரவில்லை. “இப்பத்திக்கு உனக்கு மட்டும். மத்தவுகளுக்கு மெள்ள மெள்ள அண்ணாச்சிகிட்டச் சொல்லி...”

அவள் கையை அசைத்து நிறுத்தச் சொன்னாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். “நீங்க வந்து வந்து சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டுச்சு. காதப் பொத்தணும்னு கெடந்து துடிச்சேன். கை வரல. தம்பி கடைசியா என்ன சொன்னான்னு மட்டும் நீங்க சொல்லவே இல்ல.”

பிச்சைக்கனி தரையைப் பார்த்தான். “அக்காவ அவுத்து விட்டுருங்க மச்சான்னு சொன்னான்.”

அவள் அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை. அவளுக்கு அழுகிற அளவுக்கு உடம்பில் தண்ணீர் இல்லையோ என்னவோ. இடது பக்கம் மெதுவாகத் திரும்பி, தூரத்தில் சங்கிலியை இழுத்துக்கொண்டு நின்ற முத்துப்பேச்சியைப் பார்த்தாள். “அந்தப் பிள்ள என்ன பாவம் செஞ்சுது? அவள அவுத்து விடுங்க. எல்லாருக்கும் ஊசிய நிறுத்துங்க. கொட்டகையில போயி எல்லார்கிட்டயும் விசயத்தச் சொல்லுங்க. நான் உங்க கூட வாரேன், உங்களுக்குச் சோறு பொங்கிப் போடுதேன், நடந்தது ஒண்ணையும் கேக்க மாட்டேன்.”

“முடியாது மாரி. நம்ம ரெண்டு பேரையும் வச்சிருக்க மாட்டாவ. அவுகளும் தெளிஞ்சு வந்தா என்னயத்தான் மொதல்ல கிழிப்பாவ. நீ வந்துரு. நாம ரெண்டு பேரும் இருந்தாப் போதும்.”

“அப்பம் எனக்கும் போடுங்க.”

அவள் கையை நீட்டினாள். குச்சிக் கை, ஆனாலும் நீட்டியே வைத்திருந்தாள்.

பிச்சைக்கனி கெஞ்சினான். திட்டினான். கஞ்சியை வாயருகே கொண்டுபோனான், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சங்கிலியை அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடலாம், கனமே இருக்க மாட்டாள். தூக்கிக்கொண்டு போய் என்ன செய்வது? வெள்ளையடித்த வீட்டில் உட்காரவைத்தால் இதே கண்ணால் நாளெல்லாம் பார்ப்பாளே. நாளைக்கு வெளியே போய் எல்லாரிடமும் சொல்லவும் சொல்வாள், சொல்லாமல் இருக்கிற பொம்பிளை இல்லை அவள். அண்ணாச்சியின் தீக்கு அவன் பயந்தது உண்மைதான். அதைவிட இந்தக் கண்ணுக்குத்தான் அதிகமாகப் பயந்தான்.

ஊசிப் பையைத் திறந்தான். நல்ல கை என்று சொன்னேனே, அன்றைக்கு மூன்று தடவை குத்தவேண்டியிருந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கண் மங்குகிற வரைக்கும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சியிடம் போய், அவளுக்குத் தெளியவில்லை என்று சொன்னான். சில பேருக்கு அப்படித்தாண்டே, மனசத் தேத்திக்க என்று அண்ணாச்சி அவனுக்கு ஒரு துண்டு பனங்கற்கண்டு கொடுத்தார். வாங்கிக்கொண்டான்.

அடுத்த அமாவாசைக்கு வேலி நெடுக வழக்கம்போல ஊசி. சந்தனமாரியின் கம்பத்தில் உட்காரவில்லை, பேசவில்லை, காவலாட்களைத் தூரப் போகவும் சொல்லவில்லை. குத்திவிட்டு நகர்ந்தான். முத்துப்பேச்சியின் முறை வந்தது. கவைக்கம்பில் கழுத்து அழுந்த அவள் அவன் பக்கமாகப் பல்லைக் காட்டி உறுமிக்கொண்டு நின்றாள். பிச்சைக்கனி பஞ்சால் அவள் தோளைத் துடைத்துவிட்டு, “கொஞ்சம் வலிக்கும்மா,” என்றான்.

காவலாட்கள் ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கொண்டார்கள். “பொணத்துகிட்டப் போயி வலிக்கும்னு சொல்லுதாரே கங்காணி!” என்று ஒருத்தன் சொல்ல, மற்றவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பிச்சைக்கனியும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான்.